சகலையைக் கடலுக்குக் கூப்பிட்ட கதை

அந்தத் தீவை நெனச்சா எனக்கு இன்னைக்கும் கொமட்டுதுங்க. தீவு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அது பாட்டுக்குத் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. நாங்க நாலு பேரு போயி அதை நாறடிச்சுப்போட்டு வந்தோம். நாலு பேருன்னு சொல்றது தப்பு. என்ற ஊட்டுக்காரி சுத்தமா போயி சுத்தமா வந்தா. நாறடிச்சது மிச்சம் மூணு பேரு, அதுல மொத ஆளு நானு.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டறவனுங்க. கெணத்து மோட்டாரு, கிரைண்டர் மோட்டாரு, எது பொகைஞ்சாலும் எங்க கடைக்குத்தான் வரும். படிப்பு நாலாங்கிளாஸு. மூணாங்கிளாஸை ரெண்டு வருசம் படிச்சதால அஞ்சு வருசப் படிப்புன்னு வெளிய சொல்லிக்குவேன். மண்டைக்குள்ள ஒண்ணும் ஏறலை, எல்லாம் வாயிலயே தங்கிருச்சு. காதுகுத்து, கல்யாணம், சீர்னு ஒறம்பரை எங்க கூடினாலும் நடுவுல நின்னு கூத்தடிக்கறது நான்தான். எழவு ஊட்டுலகூட ரெண்டு பேரைச் சிரிக்க வெச்சுட்டுத்தான் திரும்புவேன். இதை ஒரு தெறமைன்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேனுங்க.

ஊட்டுக்காரி ஸ்பின்னிங் மில்லுல இருபத்திரெண்டு வருசமா வேலை. அங்க மிசினு ஓடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவங்ககிட்டயே கையாலதான் பேசணும். போன வருசம் இவளுக்குக் காதுல எப்பப் பாத்தாலும் 'நொய்ய்'னு ஒரு இரைச்சல்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பொட்டியாட்ட ஒரு ரூமுக்குள்ள உக்கார வெச்சு, காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுத்துங்கன்னாங்க. கண்ணாடி வழியா பாத்துட்டே இருந்தேன். அவ வெரலு பட்டன் மேலயே இருக்குது. அமுத்தவே மாட்டேங்கறா.

வலது காது போயிருச்சு, இடது காதும் போயிட்டே இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "இத்தனை வருசமா என்ற பேச்சு இவ காதுலயே உழுகலைங்க டாக்டர், இப்பத்தான் காரணம் தெரிஞ்சுது"ன்னேன். டாக்டர் சிரிக்கலை. நர்ஸம்மா சிரிக்கலை. இவளுக்கு வலது பக்கமா உக்காந்து சொன்னதால இவளுக்குக் கேக்கவே இல்லை. எம்பட வாயை நானே செருப்பால அடிச்சிருக்கணும். ஆனா வாயை அடிக்கணும்னா மொதல்ல அது மூடியிருக்கணுமில்லீங்க.

அன்னைக்கு பஸ்ஸுல வரப்பத்தான் அவ கேட்டா. "ஏனுங்க, இருக்கற காதும் போறதுக்குள்ள ஒருக்கா கடல் சத்தத்தைக் கேட்டுப்போடணுங்க. ஆளு சத்தம் இல்லாத எடமா பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

கடலை அவ டிவிலதான் பாத்திருக்கா. நானும் அப்படித்தான். நம்மூருல இருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் தூரந்தானுங்க.

"அப்புறம், காது விசயத்தை ஆருகிட்டயும் சொல்லாதீங்க. எந்தங்கச்சிகிட்டக்கூட. சொன்னீங்கன்னா அப்புறம் எல்லாரும் எங்கிட்டக் கத்திக் கத்திப் பேசுவாங்க."

செரின்னேன். எங்க கடைக்கு மோட்டாரு கொண்டாற தேங்காநார் லாரி டிரைவர் ஒருத்தர் எடம் சொன்னாரு. கொச்சில எறங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்துட்டு, ஜங்கார்னு ஒரு தட்டைப் படகு இருக்குது, அதுல ஏறுனா அக்கட்ட ஒரு தீவு. தார் ரோட்டுல ஆறேழு கிலோமீட்டரு மிதிச்சா சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டுனா கடக்கரை. மேடு பள்ளம் கெடையாது, கூட்டம் கெடையாது, மீன் புடிக்கறவங்க நாலஞ்சு பேருதான் இருப்பாங்கன்னாரு. இவளுக்கு ஒரே சந்தோசம். மில்லுக்கு அத்தனை வருசமும் லேடீஸ் சைக்கிள்லதான் போனவ.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கெடுத்தது என்ற மரியாதைங்க.

எங்க பக்கத்துல ஒரு பழக்கம். எங்கயாச்சும் கெளம்பறதை ஒறம்பரைகிட்டச் சொன்னா, "நீங்களும் வாங்களேன், போலாம்"னு கூப்புடணும். கூப்புடாம உட்டா மரியாதை இல்லாதவன்னு ஆயிரும். கூப்புட்டா அவங்க, "இல்லீங்க, நீங்க போயிட்டு வாங்க, எங்களுக்கு இங்க சோலி இருக்குது"ன்னு சொல்லணும். மறுக்கா ஒருக்கா கூப்புடணும். அவங்க மறுக்கா ஒருக்கா மாட்டேன்னு சொல்லணும். ஆருக்கும் நட்டம் இல்லை. பொறந்ததுல இருந்து ஆயிரம் பேரைக் கூப்புட்டிருப்பேன், ஒருத்தரும் வந்ததில்லீங்க.

சகலை வந்தாரு.

சகலைன்னா, ஊட்டுக்காரியோட தங்கச்சி புருசன். கெணத்துக்கடவுப் பக்கம் கோழிப் பண்ணை வெச்சிருக்காரு. நல்ல மனுசன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்லியிருக்கேன். ஒரு நாளு ஊட்டுக்கு வந்தவருகிட்டப் பேச்சுவாக்குல இப்படி ஞாயித்துக்கெழமை கொச்சிக்குப் போறோம்னுட்டு, "நீங்களும் வாங்களேன் சகலை"ன்னேன்.

"செரிங்க சகலை, போலாங்க"ன்னாரு.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. மறுக்கா ஒருக்கா கூப்புடற முறை என்னோடது, வாயும் தானா "கண்டிப்பா வரோணுங்க"ன்னு சொல்லிப்போட்டுது. அடுப்படில நின்னுட்டிருந்த ஊட்டுக்காரி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. கோவமில்லை. கோழி வாய் வெச்ச சோத்தைப் பாக்கற மாதிரி ஒரு பார்வை.

ஞாயித்துக்கெழமை விடிய போத்தனூர் ஸ்டேசன்ல நாங்க ஒரு பையோட நிக்கறோம். சகலையும் கொழுந்தியாளும் நாலு பையோட வாராங்க. ஒரு தூக்குப்போசி நெறைய கோழி வறுவல், அவிச்ச முட்டை முப்பது, தக்காளி சோறு, பேப்பர் தட்டுக் கட்டு ஒண்ணு. அப்புறம் சகலை தோள்ல ஒரு ஸ்பீக்கரு. சின்ன பிரிட்ஜாட்ட இருக்குது. சுத்தியும் கலர் கலரா லைட்டு எரியுது.

"இது எதுக்குங்க சகலை?"ன்னேன்.

"கடலுக்குப் போயி சும்மா உக்காந்திருக்க முடியுங்களா சகலை?"ன்னாரு.

மதுக்கரை தாண்டறதுக்குள்ள தூக்குப்போசியைத் தொறந்துட்டாரு. காலங்காத்தால கோழிங்க. ரயில் பூரா மசாலா வாசம், முட்டை வாசம், கொஞ்ச நேரத்துல முட்டை சாப்புட்டவங்க வாசம். எலும்பைக் கடிச்சுக் கடிச்சு சன்னல்ல வெளிய எறியறாரு. பொறகு பாக்கைப் போட்டு மென்னு வெளிய துப்புனாரு. ரயில் வெசையா போகுது. அவருக்குப் பின் சன்னல்ல நான். பாதி வெளிய போச்சு, பாதி என்ற கன்னத்துக்கு வந்துச்சு. தொடைச்சுட்டு, "காத்து அதிகமுங்க"ன்னு சொன்னேன் பாருங்க. துப்புனவரை ஒண்ணும் சொல்லலை. காத்தைத்தான் கொறை சொன்னேன். அப்படி ஒரு மானங்கெட்ட மரியாதைங்க என்னோடது. அப்புறம் "ஒரு பீஸ் எடுத்துக்கங்க சகலை"ன்னு நீட்டுனாரு. வாங்கித் தின்னேன். ஏழு பீஸ் தின்னேன்.

கொச்சில சைக்கிள் எடுத்தோம், ஜங்கார்ல ஏறுனோம், எறங்குனோம். அந்தத் தீவு ரோட்டுல ஊட்டுக்காரி முன்னால போனா. சேலையை இழுத்துச் சொருகிட்டு, முதுகை நேரா வெச்சுட்டு, ஷிப்டுக்கு நேரமாயிருச்சுங்கற மாதிரி மிதிக்கறா. ரெண்டு பக்கமும் தென்னை, நடுநடுவுல வாய்க்காத் தண்ணி, காத்து. ரோடு தோசைக்கல்லாட்ட சமமா கெடக்குது. அதுலயே எனக்கு மேமூச்சு வாங்குது. ஸ்கூட்டர்லயே ஒக்காந்து ஒக்காந்து பின்பக்கம் பஞ்சாயிருச்சுங்க. சீட்டு குத்துது, வயித்துல ஏழு பீஸ் கோழி குலுங்குது, மிதிக்க மிதிக்க ஏப்பம். இவ ஒருக்கா திரும்பிப் பாத்துச் சிரிச்சா. அந்த ஒரு சிரிப்புத்தான் அன்னைக்கு நாளு பூராவுக்கும் சுத்தமான சமாச்சாரம்.

பின்னால சகலை ஸ்பீக்கரைக் கேரியர்ல கட்டிப் பாட்டைப் போட்டுட்டாரு. ரோட்டோரம் மீன் காயப்போட்டுட்டிருந்த பொம்பளைங்க நிமிந்து பாத்தாங்க. அவரு அவங்களுக்குக் கையக் காட்டறாரு, எலக்சன்ல நிக்கற மாதிரி.

கடக்கரை டிரைவர் சொன்ன மாதிரியே இருந்துச்சுங்க. ஆளே இல்லை. சவுக்கு நெழலு, வெள்ளை மணலு. தண்ணி அசையாம பச்சையா கெடந்துச்சு. வலை பின்னிட்டு ஒரு வயசாளி மட்டும் தூரமா உக்காந்திருந்தாரு. ஊட்டுக்காரி செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நேராப் போயி தண்ணியோரம் உக்காந்தா. இடது பக்கத்தைக் கடலுக்குக் காட்டி, காது மேல கையைக் குவிச்சு வெச்சுட்டு.

நாங்க கடைய விரிச்சோம்.

ஒரு மணி நேரந்தானுங்க. அந்த மணலைப் பாத்திருந்தீங்கன்னா நீங்களே வாந்தி எடுத்திருப்பீங்க. முட்டைத் தொலி ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். மசாலா ஒட்டுன பேப்பர் தட்டுங்க காத்துல உருண்டு உருண்டு போகுது. கொழுந்தியா தக்காளி சோத்துப் பையைத் தலகீழா ஒதறுனா. சகலை மூக்கைச் சிந்தி மணல்ல போட்டு, கால்ல மூடி, அதே கையில எனக்கு முட்டை உரிச்சுக் குடுத்தாரு. தின்னேனுங்க. வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவாரில்ல. அப்புறம் தூக்குப்போசியைக் கடல்லயே கழுவுனாரு. எண்ணெய் செவப்பா விரிஞ்சு, அந்தப் பச்சைத் தண்ணி மேல ஆடிட்டே ஊட்டுக்காரி இருந்த பக்கமாப் போச்சு. வலை பின்னறவரு எந்திரிச்சு வந்து ரெண்டு தட்டைப் பொறுக்குனாரு. எங்களப் பாத்தாரு. மணல்ல துப்பிட்டுப் போயிட்டாரு. பாக்கு கீக்கு எதுவும் இல்லாத சுத்தமான துப்பல்.

பாட்டு மட்டும் நிக்கலை. "சகலை, அந்தப் பொட்டியக் கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்"ன்னேன். "அதுக்கென்னங்க"ன்னு உடனே கம்மி பண்ணுனாரு. ரெண்டு நிமிசத்துல பாட்டு மாறுச்சு, இது நல்ல பாட்டுங்கன்னு ஏத்துனாரு. மறுக்கா சொன்னேன். மறுக்கா கம்மி பண்ணுனாரு. மறுக்கா ஏத்துனாரு. அவரும் மரியாதை, நானும் மரியாதை. இப்படியே மூணு தடவை.

அப்பத்தான் கொழுந்தியா, "மாமா, அந்தக் கோழி முட்டை போடறதைச் செஞ்சு காட்டுங்க, வீடியோ எடுக்கறேன்"ன்னா.

அது என்ற அயிட்டங்க. எந்தக் கல்யாணத்துலயும் கேப்பாங்க. கோழியாட்ட கழுத்தை வெட்டி வெட்டி நடந்து, எடம் தேடி, உக்காந்து, முக்கி, கடைசில ஒரு கூப்பாடு போடுவேன். கேட்டுப்போட்டாங்கன்னா என்னால சும்மா இருக்க முடியாது. வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு எறங்கிட்டேன். பாட்டுக்குத் தகுந்த மாதிரி நடக்கறேன், மணலைக் கால்ல கெளறறேன், "கொக் கொக்"ங்கறேன். சகலை வயித்தைப் புடிச்சுட்டு உருளறாரு. எனக்கு இன்னும் ஏறுச்சு. முட்டை போட்ட ஒடனே அந்தக் கூப்பாட்டை அடிவயித்துல இருந்து போட்டேன் பாருங்க, தோப்புல இருந்த காக்கா எல்லாம் கெளம்பிருச்சு.

கழுத்தை வெட்டி இந்தப் பக்கம் திரும்பறேன். ஊட்டுக்காரி எந்திரிச்சு இருபதடி தள்ளிப் போயி உக்காந்துட்டிருக்கா.

நான் முந்தி பாத்தப்பவே அவ மொத உக்காந்த எடத்துல இல்லை. மணல்ல தடம் இருக்குதுங்க. உக்காந்த பள்ளம் ஒண்ணு, அதுக்கு அக்கட்ட ஒண்ணு, அதுக்கும் அக்கட்ட இப்ப இருக்கறது. பாட்டுக்கு ஒருக்கா நகந்திருக்கா, நாங்க சிரிச்சதுக்கு ஒருக்கா, இப்ப என்ற கூப்பாட்டுக்கு ஒருக்கா. காதுல குவிச்ச கையை மட்டும் எடுக்கலை.

நான் குத்தவெச்சு உக்காந்தபடியே இருக்கேன். வாயில முட்டை நாத்தம், மீசைல மசாலா, பின்பக்கம் பூரா மணலு. நாப்பத்தி எட்டு வயசு. காலைல இருந்து சகலை துப்பறதைப் பாத்துக் கொமட்டுன வயிறு, இப்ப என்னைப் பாத்துக் கொமட்டுச்சுங்க. சவுக்கு மரத்துக்குப் பின்னால போயி ஏழு பீஸையும் எடுத்துப்போட்டேன்.

வாயத் தொடைச்சுட்டு வந்தேன். "சகலை, நீங்க கெளம்புங்க"ன்னேன்.

"என்னங்க சகலை, ஒடம்பு செரியில்லைங்களா? சோடா வாங்கியாரட்டுங்களா?"

"ஒடம்பெல்லாம் செரியாத்தான் இருக்குது. அவளுக்குக் கடல் சத்தம் கேக்கோணும். நீங்க பொட்டியை நிறுத்திப்போட்டுக் கெளம்புங்க."

"அட, கடல் எங்கீங்க போகப் போகுது? கேட்டுக்கலாமுங்க. நீங்க இன்னொருக்கா அந்தக் கோழி..."

காது விசயத்தைச் சொல்லியிருந்தா மனுசன் அப்பவே நிறுத்தியிருப்பாரு. ஆனா ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னிருக்கா. அவரை நிறுத்தறதுக்கு எங்கிட்ட வேற சாமானமே இல்லை. எங்க சாதிசனத்துல ஆரும் ஆருகிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லிப்போட்டேன்.

"சகலை, நான் ஒங்களை மனசாரக் கூப்புடலைங்க."

அவரு கையில இருந்த முட்டை அப்படியே நின்னுது. "அப்ப வாங்கன்னு சொன்னது?"

"முறைக்குச் சொன்னதுங்க."

"கண்டிப்பா வரோணும்னீங்களே?"

"அதுவும் முறைக்குத்தானுங்க. நீங்க மாட்டேன்னு சொல்லியிருக்கோணும்."

ஸ்பீக்கர் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அந்த ஆளு மூஞ்சியைப் பாக்க முடியலீங்க. செகப்பு, வெள்ளை, மறுக்கா செகப்பு. கொழுந்தியா போனை மடில போட்டுட்டு, "வாங்க போலாம், கூப்புடாத எடத்துல நமக்கென்ன வேலை"ன்னு புருசனைத் தூக்குனா. அக்காகிட்டக்கூடச் சொல்லலை. எங்க ஊருல எழவு ஊட்டுல இருந்து போறவங்களைத் தவுத்து, மத்த எல்லாரும் கெளம்பறப்ப "வாரேனுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அதைச் சொல்லாமப் போயிட்டாங்க. தூக்குப்போசியை எடுத்துட்டாங்க, ஸ்பீக்கரை எடுத்துட்டாங்க, குப்பையைத் தொடலை.

அதுல இருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு இல்லீங்க. அவங்க ஊட்டுச் சீருக்கு எங்களுக்குப் பத்திரிகை வரலை. வருத்தமெல்லாம் அப்புறம் பட்டுக்கலாம்னு அன்னைக்கு நான் போயி ஊட்டுக்காரிக்கு இடது பக்கமா உக்காந்தேன்.

"போயிட்டாங்களா?"ன்னா.

"ம்."

"என்ன சொல்லித் தாட்டி உட்டீங்க?"

"அப்புறம் சொல்றேன். நீ கேளு."

இப்ப ஒரு சத்தமும் இல்லை. அவ காதைக் குவிச்சுட்டு ரொம்ப நேரம் இருந்தா. எனக்குக் கேக்குதுங்க, தண்ணி மணல்ல ஏறி எறங்கற சின்னச் சத்தம், துணி இழுக்கற மாதிரி.

"ஏனுங்க, ஒண்ணும் கேக்கலைங்களே"ன்னா.

"நல்லாக் கேளு அம்மணி."

"இல்லீங்க. அந்த நொய்ங்கறதுதான் இருக்குது. தண்ணி சத்தம் போடுதுங்களா?"

அப்பத்தான் இந்த நாலாங்கிளாஸ் மண்டைக்கு ஒறைச்சுது. அமைதியான கடலு வேணும்னு ஊரெல்லாம் விசாரிச்சுக் கூட்டியாந்திருக்கேன். ஆளு சத்தம் வேண்டாம்னுதான் அவ கேட்டா. அலையும் வேண்டாம்னு ஆரு சொன்னா? காது போறவளைக் கூட்டிட்டு வந்து, கொளத்தாட்டச் சத்தமே போடாத கடலுக்கு முன்னால உக்கார வெச்சிருக்கேன். சகலை செஞ்சது ஒண்ணுமே இல்லைங்க இதுக்கு முன்னால. வாயிலயே பொழைச்சவனுக்கு வாய் வரலை.

அவளுக்குக் கோவம் வந்த மாதிரித் தெரியலை. அப்புறம் எந்திரிச்சு, தண்ணி வந்து வந்து போற ஈர மணல்ல, அப்படியே இடது பக்கமாச் சாஞ்சு படுத்துட்டா. மில்லுல மிசினுக்குள்ள பேரிங் தேஞ்சிருக்குதான்னு ஒரு கம்பியை வெச்சுக் காதுல ஒட்டிப் பாப்பாங்களாமா, அந்த மாதிரி காதை மணல்ல அமுத்திட்டா. சேலை நனையுது, தலைமசுருக்குள்ள தண்ணி போகுது.

"எந்திரி, மணலு காதுக்குள்ள போயிரும்"ன்னேன்.

வெரலைத் தூக்கிக் காட்டுனா, பேசாம இருங்கன்னு. கண்ணை மூடிட்டா. ஒரு தண்ணி வந்துச்சு, போச்சு. இன்னொண்ணு வந்துச்சு. அவ வெரலு மணல்ல லேசாத் தட்டுச்சு. அது போயி அடுத்தது வந்தப்ப மறுக்காத் தட்டுச்சு. தண்ணி வர வரத் தட்டறாளுங்க, ஒண்ணு உடாம.

நான் மூச்சைக்கூட மெதுவாத்தான் உட்டேன். அடுத்து வந்த தண்ணி, நாங்க தின்னுபோட்ட ஒரு கோழிக்கால் எலும்பை இழுத்துட்டு வந்து அவ நெத்திக்கிட்ட, முடியோட முடியா ஒதுக்கிட்டுப் போச்சு. சகலை கடிச்சதா, நான் கடிச்சதான்னு தெரியலை. சத்தம் போடாம ரெண்டு வெரல்ல எடுத்தேன். வழவழன்னு இருக்குது. எங்க எறியறதுன்னு சுத்தியும் பாத்தேன், எறியற மாதிரி எடமே அங்க இல்லீங்க. சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு, அடுத்த எலும்பு ஏதாச்சும் வருதான்னு அவ தலைமாட்டுலயே குத்தவெச்சு உக்காந்துட்டேன்.